அமலிக்கு ஒரு மணி நேரம்

தம்பி,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ராத்திரி எவ்வளவு தூங்கினாய், நாடி எப்படி அடித்தது என்பதையெல்லாம் உன் கையில் கட்டியிருக்கிற வாட்ச் சொல்லிவிடுகிறது. அதை நீ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விடுகிறாய். போனில் பேசலாம் என்றால் நீ ஓடிக்கொண்டிருப்பாய், அல்லது ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாய், இரண்டும் இல்லையென்றால் சிப்காட்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டு பிளாண்டுக்குள் போயிருப்பாய். போன வாரம் ஒரே ஒரு தடவை எடுத்தாய். "அம்மா, கூல் டவுன்ல இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உனக்கு அங்கே சிதம்பரத்தில் கூல் டவுன். எனக்கு இங்கே கடலூரில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சாவகாசமாகப் படி. படிக்கும்போது ஸ்ட்ரெச்சிங் செய்துகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் அம்மாவுக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைக்க முடியாது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகவே தலை நரைத்தவள் நான். விசில் ஊதி ஊதி எனக்கு ஒரு பக்கத்துக் காது மந்தமாகிவிட்டது. நாற்பதை நெருங்கும்போது தொப்பையும் ஏறுகிற பிரஷருமாக நீ ஒருநாள் வந்து நின்றபோது, "நடடா, ஓடுடா, குளத்துல இறங்குடா" என்று விரட்டினதும் நான்தான். நீ முதல் தடவை சிதம்பரத்தில் நாலு தேர் வீதியையும் நிற்காமல் சுற்றி வந்துவிட்டேன் என்று போன் செய்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரஷர் இறங்கியது. தொப்பை கரைந்தது. அதோடு நின்றிருந்தால் நான் இன்றைக்குப் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். உனக்கு ஒரு ஓட்டக்காரர் குழு கிடைத்தது, அந்தக் குழுவுக்கு ஒரு பயிற்சிப் பிளான் கிடைத்தது, அந்தப் பிளானுக்கு அடுத்த மாதம் புதுச்சேரியில் ஒரு நீச்சல், ஓட்டப் போட்டி கிடைத்தது. இப்போது உன் வீட்டில் இட்லி அவிக்கிற நேரம், பிள்ளைகள் எழுந்திருக்கிற நேரம், பூசைக்குப் போகிற நேரம் எல்லாவற்றையும் அந்தப் பிளான்தான் முடிவு செய்கிறது.

இதை உன் அப்பாவிடம் சொன்னால் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார்: "உடு. குடிக்கிறானா? சீட்டாடுறானா? ஓடத்தான செய்றான்." இந்தப் பேச்சுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது, தம்பி. நீ குடித்திருந்தால் உன்னைக் கண்டிக்க நாலு பேர் இருப்பார்கள். பங்குச்சாமியார் கூப்பிட்டுப் பேசுவார். உன் மாமனார் வாசலில் வந்து உட்காருவார். உன் பெண்டாட்டி அமலி அழுதால் அதற்கு ஒரு நியாயம் இருக்கும். நீயோ விடியற்காலையில் எழுந்து வியர்வை சொட்ட ஓடிவிட்டு, வெள்ளரிக்காய் தின்கிறாய். ஊரே மெச்சுகிறது. ஒரு நல்ல பழக்கத்தை யார் போய்க் கண்டிப்பது? கேட்டால் நீயும் ஒரு பழமொழி வைத்திருக்கிறாய், சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்று. உன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போதும். பக்கத்துச் சுவர் சரிந்துகொண்டிருக்கிறது, அதை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் மகள் ஷெரினுடைய புதுநன்மை அன்றைக்கு நடந்ததிலிருந்து சொல்கிறேன். நாள் குறித்து எத்தனை மாதம் ஆயிற்று. பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் மெழுகுவர்த்தி பிடித்து, ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கம் அம்மாவாக, முதல் நற்கருணை வாங்கப் பவனியாகக் கோயிலுக்குள் வருவார்கள் என்று உனக்குத் தெரியாதா? உனக்கும் நானும் அப்பாவும் அப்படித்தான் வந்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, உன் பிளானில் நீள ஓட்டம். "சின்னதா கிள்ளை பக்கம் போயிட்டு பூசைக்கு முன்னாடி வந்துருவேன்" என்று அமலியிடம் சொல்லிவிட்டுப் போனாய். மணி அடித்துவிட்டார்கள். வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. கடைசியில் உன் இடத்தில் நான் நடந்தேன். அந்தக் குழந்தை பீடத்தைப் பார்த்து நடக்கவில்லை, தம்பி. வழி முழுக்க வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது. மெழுகு அதன் கையில் சொட்டியதுகூட அதற்குத் தெரியவில்லை. வாசகம் படிக்கும்போது நீ பின்வரிசையில் வந்து நின்றாய், தலை ஈரமாக, பட்டு வேட்டி கட்டி, வேட்டிக்குக் கீழே ஓட்ட ஷூவோடு. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் காதில், உங்க பையன் ரொம்ப சுறுசுறுப்பு என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆனால் நான் இதை எழுதுவது அதற்காக இல்லை. பிள்ளை மறந்துவிடும், அன்றைக்கு வெட்டின கேக்கிலேயே பாதியை மறந்துவிட்டது. அன்று மதியம் வீட்டில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீ கூடத்தில் உன் நண்பர்களோடு உட்கார்ந்து, தண்ணீருக்குள் மூச்சை எப்படி எடுப்பது என்று கையை வீசி வீசிக் காட்டிக்கொண்டிருந்தாய். பின்கட்டில் பிரியாணி தேக்சாவை நகர்த்தப் போன அமலி குனிந்தவள் நிமிரவில்லை. தேக்சாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். ஒன்றுமில்லை அத்தை, வழக்கமாக வருவதுதான் என்றாள். வழக்கமாக என்றால் எத்தனை நாளாக என்று கேட்டேன். போன வருடத்திலிருந்து என்றாள். ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை, முதுகு போய்விட்டது. அவள் ஆஸ்பத்திரி டாக்டரே பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார், மாத்திரையை நம்பாதே, நீச்சல் அடி, தண்ணீர்தான் இந்த முதுகைத் தாங்கும், விட்டால் கத்தி வைக்க வேண்டி வரும் என்று. சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவள் உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. நீச்சல் குளத்தில் காலையில் முதல் பேட்ச் ஆண்களுக்கு, அடுத்த பேட்ச் பெண்களுக்கு. நீ முதலில் நீந்திவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அவள் போய் நீந்திவிட்டு வந்து டியூட்டிக்குப் போகலாம். இதற்கு மேல் தோதாக யாராலும் நேரம் அமைத்துத் தர முடியாது. அவள் அப்படித்தான் கணக்குப் போட்டு, முழுக்கை நீச்சல் உடுப்புகூட வாங்கி வைத்திருக்கிறாள். நீயோ குளத்தை விட்டு ஏறியதும் ஈரத்தோடு ஷூவை மாட்டிக்கொண்டு நேராக ஓடப் போய்விடுகிறாய், நீந்தி முடித்த களைப்போடு ஓடிப் பழக வேண்டும் என்று பிளான் சொல்கிறதாம். நீ திரும்புவதற்குள் பெண்கள் பேட்ச் முடிந்து கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சின்னவனைத் தூக்கிக்கொண்டே குளத்துக்குப் போயிருக்கிறாள். தூங்கிக்கொண்டிருந்த ஷெரினுக்குப் பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு. சின்னவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாளாம். இறங்கினதும் முதுகில் ஒரு கை வந்து தாங்கின மாதிரி இருந்தது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு அகலம் போய்த் திரும்பிப் பார்த்தால், அவன் பிஸ்கட்டோடு எழுந்து விளிம்புக்கு வந்து நிற்கிறான். அவ்வளவுதான், ஏறிவிட்டாள். குளத்துக்காரரும் சின்னப் பிள்ளையை இனிமேல் கூட்டிவரக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இட்லி அவித்து இறக்கிவிட்டுப் பார்த்தால், நீ வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய். அவள் ஈரத்தலையைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள குளிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு, உன் நீச்சல் நேரம் குறைந்துவிட்டது என்று வாட்ச்சைக் காட்டினாயாம். அவளும் பார்த்துவிட்டு, நல்லா இருக்குங்க என்று சொன்னாளாம்.

அவள் யார் என்று உனக்கு மறந்துபோயிருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். உனக்குப் பெண் பார்த்தது நான். அதற்கு முன்னால் அவள் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. காடாம்புலியூரில் அவள் மாமா வீட்டு முந்திரித் தோப்புக் கிணற்றில் பையன்களுக்குச் சமமாகக் குதித்து நீச்சல் பழகினவள். என் ரிலே டீமில் மூன்றாவதாக ஓடினவள். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நான் அந்த நாலு பெண்களையும் ஓட வைக்க என்ன பாடுபட்டேன் தெரியுமா? பெண் பிள்ளை டிரவுசர் போடக் கூடாது என்று ஒரு வீட்டில், வெயிலில் கறுத்துவிடும் என்று ஒரு வீட்டில், ஓடினால் வயிற்றுக்கு ஆகாது என்று ஒரு வீட்டில். வீடு வீடாகப் போய்ப் பேசினேன். அன்றைக்குத் தடுக்க ஆள் இருந்தது, நான் போய்ச் சண்டை போட்டேன். இன்றைக்கு அவளை யாரும் தடுக்கவில்லை. நீகூட, "போயேன், யாரு வேணாம்னா?" என்றுதான் சொல்வாய். உடுப்பு இருக்கிறது, குளம் இருக்கிறது, புருஷனுடைய அனுமதி இருக்கிறது. நேரம் மட்டும் இல்லை. அந்த நேரம் எங்கே போனது என்று கேட்டால், அது உன் காலில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

மூன்றாவதாக ஓடுகிறவளுக்குக் கைதட்டு விழாது. வளைவில் ஓடுவாள், வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். கூட்டம் முழுக்க கடைசிக் கோட்டில் நிற்கும். நான் அந்தப் பிள்ளைகளுக்கு வேகத்தைவிட அதிகம் சொல்லிக் கொடுத்தது, அடுத்தவள் கையில் ரிலே குச்சியைக் கொடுக்கிற இடத்தைத்தான். எல்லை தாண்டியும் குச்சியை விடாமல் ஓடுகிறவள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மொத்த டீமும் அவுட். உனக்கு உன் பயிற்சிக்காரர் நூறு விஷயம் சொல்லித் தந்திருப்பார். இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார், ஏனென்றால் உன் போட்டியில் நீ ஒருத்தன்தான். வீடு அப்படி இல்லை.

உன் அப்பா எனக்கு விட்டுக்கொடுக்கவில்லையா என்று நீ கேட்கலாம். கொடுத்தார். நான் மண்டலப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாட்களில் அவர் லீவு போட்டு உனக்குச் சோறு ஊட்டினார். வீட்டில் யார் அம்மா என்று சொந்தக்காரர்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் அவர் தியாகி ஒன்றும் இல்லை. மறுவாரமே கேரம் போட்டி என்று கிளம்பிவிடுவார், நான் வாயைத் திறக்க முடியாது. தட்டு பறக்கச் சண்டை போட்டுத்தான் நாங்கள் நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். உனக்கு வாய்த்தவள் சண்டை போடாதவள். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் வலிக்கிறவர்களுக்கு இதமாகப் பேசிப் பழகினவளுக்கு, தனக்கு வலிக்கிறது என்று உரக்கச் சொல்ல வரவில்லை.

ஷெரின் ஒன்று சொன்னாள், அதையும் கேள். அப்பாவோடு ஓட வேண்டும் என்று ஒருநாள் உன்னோடு வந்ததாம். மேல வீதி தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிட்டதாம். நீ அதை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, "பால் குடிச்சிக்கிட்டு இரு, அப்பா ஒரு ரவுண்டு முடிச்சிட்டு வந்துர்றேன்" என்று போய்விட்டாயாம். கடைக்காரர் ரஸ்க் கொடுத்தார் பாட்டி என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். நீ அவளோடு நடந்தே வந்திருந்தால் உன் சராசரி கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதானே? எத்தனையோ பிள்ளைகளை ஓட வைத்தவளின் மகன், தன் மகளை ஓட வைக்காமல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறான். இதை நான் வெளியே யாரிடம் சொல்வேன்?

இப்போது உன் அப்பா ஒரு யோசனை சொல்கிறார். நான் போட்டி முடியும்வரை சிதம்பரம் வந்து தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாமாம். நீயும் இதைத்தான் சொல்லப் போகிறாய், எனக்குத் தெரியும். வர மாட்டேன். பேரப் பிள்ளைகள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. அவர்களை நினைத்தால் இப்போதே பஸ் ஏறத் தோன்றுகிறது. ஆனால் நான் வந்தால் என்ன நடக்கும்? நீ இன்னும் கொஞ்ச தூரம் ஓடுவாய். ஒரு பெண் நின்று ஓய்ந்த இடத்தில் இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குப் பெயர் ஏற்பாடு இல்லை. எனக்கும் முட்டி இருக்கிறது, அதுவும் தேய்கிறது.

ஓடாதே என்று நான் சொல்லவில்லை. உன் பிரஷர் திரும்ப ஏறினால் முதலில் அழப்போகிறவள் நான்தான். நேரத்தை எடுக்கிற இடத்தை மாற்று என்கிறேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வருகிறாயே, வீட்டு வாசல்வரை தூங்கிக்கொண்டு வராமல் பி.முட்லூரில் இறங்கி ஓடி வா; உனக்கு வேண்டிய தூரம் அதில் இருக்கிறது, காலை வேளை வீட்டுக்கு மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாயங்காலம் ஓடு. நீச்சல் நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு போகாதே. களைப்போடு ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் குளத்திலிருந்து வீட்டைப் பார்த்து ஓடு. தூரம் குறைவு என்று பிளான் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும். போட்டியில் பத்து பேருக்குப் பின்னால் வந்தால் உலகம் முழுகிவிடாது. நானே எத்தனையோ டீமைக் கடைசியாக வரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், பிள்ளைகள் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டுதான் வந்தார்கள். இதையெல்லாம் உன் ஓட்டக்காரர் குழுவிலும் பெயரை மறைத்துவிட்டுப் படித்துக் காட்டு. அங்கேயும் நாலு வீட்டில் இதே கதையாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லக் கூடாது என்று அமலி என்னிடம் கேட்டுக்கொண்டாள், நான் சொல்கிறேன். அன்று பின்கட்டில் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமானதிலிருந்து வாய் தவறாமல் அத்தை, அத்தை என்று கூப்பிடுகிறவள், அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இடது காலு அப்பப்ப மரத்துப் போவுது மிஸ். வார்டுல நின்னுக்கிட்டு இருக்கறப்பவே கீழ தரை இருக்கறது தெரிய மாட்டேங்குது. அவருகிட்ட சொல்லிடாதீங்க. போட்டி முடியட்டும்."

போட்டி முடியட்டுமாம், தம்பி. உன் நாடித் துடிப்பு ஊருக்கே தெரிகிறது. ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குக் கால் மரத்துப்போவது உனக்குத் தெரியவில்லை. எனக்கு உன்மேல் வருகிற கோபத்தைவிட, அவள் உன் போட்டிக்காகக் காலை மறைத்து வைத்திருக்கிறாளே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நீச்சல் நாளன்று குளத்தை விட்டு ஏறியதும் வீட்டுக்குப் போ. பெண்கள் பேட்ச் ஆரம்பிக்கும் முன் போய்ச் சேர்ந்துவிடுவாய். சின்னவனை நீ வாங்கிக்கொள், இட்லியை நீ எடுத்து வை, ஷெரினுக்குத் தலையை நீ பின்னு. கோணலாகப் பின்னினால் பரவாயில்லை. இன்றைக்கு என்ன சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று அமலி கேட்பாள். கால் எப்படி இருக்கு, நீ போய் நீந்திட்டு வா, என்று சொல். அவள் நம்ப மாட்டாள், யார் சொன்னார்கள் என்று திரும்பவும் கேட்பாள். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அம்மா சொன்னாங்க என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா